முதல் வரியில் வீரையா

கண்டியில் அந்த அரசாங்கக் கந்தோருக்குப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் போகக்கூடாது. போனால் எழுந்து நிற்க வேண்டிவரும்.

எனக்கு அது தெரியாது. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மாமனார் வீரையாவும் மாமியார் மூக்காயியும் ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிற லயத்து வரிசைக்குப் பின்னால் மலை வெடித்துவிட்டது. வெடிப்பில் காலை விட்டால் முழங்கால் வரை இறங்கும். அதைச் சொல்லத்தான் போனேன். வாசலில் ‘மலைச்சரிவு மீள்குடியமர்வு ஒருங்கிணைப்புப் பணியகம்’ என்று மூன்று மொழியில் பலகை. அதை வாசித்து முடிப்பதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிடும். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. கந்தோர் முழுக்க எழுந்து நின்றது.

பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“எந்திரிங்க தம்பி. புதுப்பிக்கிறாங்க.”

“என்னத்தங்க?”

“இணைப்ப.”

சுவரில் பெரிய திரை. அதில் ஒரு எக்ஸெல் கோப்பு திறந்திருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி: ‘இக்கோப்பு பிற கோப்புகளுடன் இணைக்கப்பட்டுள்ளது. புதுப்பிக்கவா?’ நெற்றியில் சந்தனத்தோடு ஒரு ஐயா வந்தார். உதவிப் பணிப்பாளர் மயில்வாகனம். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றினார், கையைத் துடைத்தார், ‘ஆம்’ என்பதை அமத்தினார். கட்டங்கள் ஒருமுறை துடித்து நின்றன. எல்லாரும் தலையைக் குனிந்து நிமிர்ந்தார்கள். எங்கள் கோயில் தீபாராதனையில்கூட நாலு பேர் பேசிக்கொண்டு இருப்பார்கள். இங்கே ஒருத்தர் இருமவில்லை. பிறகு எல்லாரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

திரைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வாசகம்: ‘மூலம் காட்டாத தரவு தரவன்று.’ அதாவது, அந்தக் கந்தோரில் யாரும் ஒரு கட்டத்தில் கையால் எதையும் எழுதக்கூடாது. அது இன்னொரு கோப்பிலிருந்து வரவேண்டும். எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பக்கத்துக் கட்டத்தில் பெயர் தெரியவேண்டும். பெயர் தெரிந்தால் உண்மை. தெரியாவிட்டால் பொய். அவ்வளவுதான் விசயம். கேட்கிறபோது எனக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

கவுண்டரில் நிரோஷினி என்று ஒரு பிள்ளை இருந்தது.

“வீரையாங்க. மடுல்கெல்ல. புது வீட்டுக்கு மொதல்ல மனுப் போட்டதே அவருதான். அபாயம்னு லயத்துல செவப்பு நோட்டீஸ்கூட ஒட்டியிருக்கு. இப்ப சாவி குடுக்கிற லிஸ்ட்ல பேரக் காணோம் மிஸ்.”

அவள் தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“ஐயோ, அவரு முதல் வரியிலேயே இருக்காரே! குடியமர்த்தப்பட்டார்னு வருது. அதனாலதான் லிஸ்ட்ல இல்ல. சந்தோசமான விசயம்தானே?”

“எங்க குடியமர்த்துனீங்க?”

“புது வீட்ல.”

“எந்தப் புது வீடு?”

“அது வேற ஃபைல்.”

“மிஸ், நேத்து அவரு காம்பராவுலதான் நான் தேத்தண்ணி குடிச்சேன். தகரம் பறக்காம இருக்கக் கூரையில கல்லு ஏத்திக்கிட்டிருந்தாரு. புது வீட்ல குடியேறுன மனுசன் பழைய கூரைக்கு எதுக்குங்க கல்லு ஏத்துறாரு?”

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, குரலைத் தாழ்த்தியது.

“நான் அதுக்குள்ள எழுத முடியாது அண்ணே. எழுதினா இணைப்பு அறுந்துரும். அறுந்தா பக்கத்துக் கட்டத்தில ஃபைல் பேரு வராது. பேரு வராட்டி செவப்பா எரியும். எரிஞ்சா விசாரணை. எங்க புஷ்பம் அக்கா ஒருத்தருக்குப் பிழையா இருந்த வயசைக் கையால திருத்தினாங்க. சரியாத்தான் திருத்தினாங்க. இப்ப கீழ பழைய பேப்பர் அறையில இருக்காங்க. கீபோர்ட் தொட விடுறதில்ல.”

பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். வீரையாவின் வாழ்க்கைக்கு மூலம் அங்கே இருந்தது: ‘கம்பளை_இறுதி_திருத்தியது_புதியது_இதுதான்’.

சரி, மேலதிகாரியையே பார்த்துவிடுவோம் என்று மயில்வாகனம் ஐயாவின் அறைக்குப் போனேன். மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. கதிரை காட்டினார், முழுவதையும் கேட்டார், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சிரித்தார்.

“தம்பி, முந்தி இந்தக் கந்தோரில என்ன நடந்தது தெரியுமோ? ஆரும் வந்து அழுதால் எழுதுவினம். சுவர் வெடிச்சுப் போச்செண்டால் போய்ப் பாத்திட்டு வந்து எழுதுவினம். கண்ணால கண்டதை எல்லாம் எழுதினால் நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்? இப்ப அந்தக் கரைச்சல் இல்லை. ஒருத்தரும் ஒண்டும் பாக்கத் தேவையில்லை. ஒரு கோப்பு மற்றக் கோப்பைப் பாக்கும்.”

“சேர், மாமாவையே கூட்டியாந்து உங்க முன்னால நிறுத்தட்டுங்களா?”

“தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனா அவர்தான் வீரையா எண்டதை நான் எங்க பாக்கிறது? எங்கட கோப்பிலதானே? அதில வீரையா புதுவீட்டில இருக்கிறார். அப்ப உங்களோட மடுல்கெல்லயில இருந்து வாறவர் வேற ஆளாத்தானே இருக்கோணும்?”

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் பேச்சில் ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

“மூலத்தில மாத்தினால் இஞ்ச தானா மாறும்,” என்றார். “கம்பளைக் கிளைக்குப் போங்கோ.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அத்தை மூக்காயிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி அவருக்குப் போதுமாக இருந்தது.

“கவருமெண்டுலயே நாங்க குடியேறிட்டோம்னு எழுதிட்டாங்களா மாப்ள? அப்ப நாங்கதான் இன்னும் போகாம இருக்கோமா?”

அன்றைக்கே சட்டி பானையைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்த ஐயாமாருகிட்ட கேட்டுட்டு வாங்க. அந்த வீட்ல அடுப்பு எந்தப் பக்கம்? பொகை வெளிய போகுமா?”

மாமாவிடம் தனியாகச் சொன்னேன். வேணாம் மாமா, மழைக்காலம் முடியும்வரைக்கும் எங்களோடு அம்பிட்டியவில் வந்து இருங்க என்று. அவர் பின்பக்கம் போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

“காம்பராவை விட்டுட்டு எறங்குனா அன்னைக்கே தோட்டத்துல பூட்டுப் போட்டுருவாங்க மாப்ள. புது வீடும் இல்ல, இதும் இல்லன்னா எங்க போறது? புள்ளைங்களோட நீங்க இருக்கிறதே ஒத்த ரூம்பு. சாவி வரட்டும், வாறேன்.”

அவர் சொன்னது நியாயம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

நான் வேலை செய்வது கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில். முதலாளி ரஸீன் ஹாஜியாரிடம் லீவு கேட்டேன். “என்ன மோகன், ஒரு ஃபைலப் பாக்கக் கம்பளைக்குப் போறியா? ஃபைலுக்குச் சொகமில்லையா?” என்று கேட்டுவிட்டு லீவு தந்தார்.

கம்பளைக் கிளையில் ஸுமைரா என்ற உத்தியோகத்தர். நான் சொல்லச் சொல்ல அவர் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

“அல்லாவே! மலை வெடிச்சா இரிக்கி? இரிங்க, இப்பவே மாத்துவம்.”

கோப்பைத் திறந்தார். பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இது நாங்க எழுதினதில்லையே. இதும் வெளிய இரிந்து வாறதுதான். இங்க பாருங்க, ஃபைல் பேரு: ‘அம்பிட்டிய_பயிற்சி_அழிக்கவேண்டாம்’.”

“அப்ப நீங்க எதைத்தான் மிஸ் எழுதுறீங்க?”

“நாங்க எழுதுறதில்ல. அங்க இரிந்து எடுத்து இங்க குடுக்கிறோம்.” வெட்கப்பட்டுச் சொன்னார். “உங்கட லயத்துக்கு நானே வந்து பார்த்து எழுதித் தாறேன்னாலும் ஏலாது. நான் ஃபைல் இல்லையே.”

அம்பிட்டிய என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் குடியிருக்கிற இடம். என் வீட்டுக்கு மேலே, ஏற்றத்தில், பணியகத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. என் பிள்ளைகள் அதன் முற்றத்தில்தான் பந்து விளையாடுகிறார்கள். மாமனாருடைய தலைவிதி என் தலைக்கு மேலேயே இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

பயிற்றுநர் கிருஷாந்தன் இளம் ஆள், கலகலப்பானவர். கோப்பின் பெயரைச் சொன்னதும் பழைய கூட்டாளியைப் பற்றிக் கேட்ட மாதிரி உற்சாகமாகிவிட்டார்.

“அதுவா! கோப்புக்குக் கோப்பு எப்படி இணைக்கிறதுன்னு சொல்லிக்குடுக்க நாங்க செஞ்ச உதாரணம் அண்ணே. சும்மா பேரு போட்டா மனசுல பதியாதுன்னு உண்மையான மனுக்கட்டைக் கொண்டு வரச் சொன்னோம். மேலயே இருந்தது இந்த வீரையாவோட மனு. மொதல் ஆளா மனுப் போட்டிருக்காரு. அதை மொதல் வரியில போட்டோம்.”

“அதுல அபாயம்னுதானே இருந்திருக்கும்?”

“இருந்தது. அபாயம்னுதான் தட்டினேன். பயிற்சியைப் பாக்க வந்திருந்த மயில்வாகனம் சேர் எந்திரிச்சிட்டாரு. ‘புதுக் கோப்பு தொடங்கிறீங்கள், முதல் வரியிலயே அபாயம் எண்டு எழுதிறதோ? தம்பி, மங்களகரமா ஒண்டு போடும்’னாரு. கலியாணக் கார்டுல யாராவது கெட்ட வார்த்தை எழுதுவாங்களா? அந்த மாதிரித்தான். ‘குடியமர்த்தப்பட்டார்’னு போட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. பயிற்சிக்கு வந்த கம்பளைக்காரங்க அவங்க ஃபைலை இதோட இணைச்சுப் பழகினாங்க, அது அப்படியே நின்னுடுச்சு.”

“சரி தம்பி. இப்ப அழிச்சிட்டு அபாயம்னு போடுங்க.”

“போடலாம்தான். ஆனா இப்ப அது நான் எழுதினது இல்லையே.” தலையைச் சொறிந்தார். “கணக்காய்வுக்கு வந்தவங்க, இந்தக் கட்டத்துல கையால எழுதியிருக்கு, மூலம் எங்கன்னு கேட்டாங்க. மூலம் காட்டாம வச்சிருக்க முடியுமா? அதனால இதை ஒரு ஃபைலோட இணைச்சிட்டோம்.”

“எந்த ஃபைலோட?”

“தலைமைக் கந்தோர் ஃபைல்தான். அதைவிடப் பெரிய மூலம் ஏது?”

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கண்டி கம்பளையைக் கேட்கிறது. கம்பளை அம்பிட்டியவைக் கேட்கிறது. அம்பிட்டிய கண்டியைக் கேட்கிறது. எங்குமே ஒரு மனிதர் இல்லை.

“மூணையும் ஒரே நேரத்தில தெறந்தா என்ன ஆகும்?”

“ஐயையோ, தெறக்கவே கூடாது. எச்சரிக்கை வரும். அதனால தெறக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டிருக்காங்க.”

மறுநாள் மயில்வாகனம் ஐயாவிடம் போய் ஊர் சுற்றிய கதையைச் சொன்னேன். பிழை பிடிபட்டுவிட்டது, மனிதர் பதறப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது, சந்தோசத்தில்.

“பாத்தீங்களோ தம்பி! மூண்டு கோப்பும் ஒரே சொல்லைச் சொல்லுது. ஒரு எழுத்துப் பிசகில்லை. இப்பிடி ஒற்றுமை மனுசரிட்டை இருக்கோ?”

“சேர், அது நீங்க மங்களகரமா இருக்கட்டும்னு போடச் சொன்ன வார்த்தை சேர்!”

“ஓம், நான்தான் சொன்னனான். அதில என்ன பிழை? அண்டைக்கு அது ஒரு சொல். இண்டைக்கு அதுக்கு மூலம் இருக்கு.” மேசை லாச்சியை மூடினார். “உங்களுக்கு உதவி செய்ய எனக்கும் விருப்பம்தான். அபாயம் எண்டு காட்டுற கோப்பு ஒண்டு இருந்தால் கொண்டு வாங்கோ, இணைச்சு விடுறன்.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி தர்ஷிகா கொம்பியூட்டர் படித்தவள். அவளே ஒரு கோப்புச் செய்தாள். ஒரே வரி: வீரையா, அபாயம். அதற்கு ‘மடுல்கெல்ல_உண்மை’ என்று பெயர் வைத்தோம். பக்கத்தில் வெடிப்பின் படமும் சேர்த்தாள். மாமாவே வெடிப்புக்குள் காலை விட்டு நிற்க, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த படம். மறுநாள் கந்தோரில் மயில்வாகனம் ஐயா படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

“வடிவாச் செய்திருக்கிறியள். இதின்ர மூலம்?”

“என் கண்ணுதான் சேர்.”

“கண்ணுக்குக் கோப்புப் பெயர் இருக்கோ?”

நான் எழுந்து வந்தேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நிரோஷினி கவுண்டரிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு மழை தொடங்கியது. என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று அத்தை அம்பிட்டியவுக்கு வந்திருந்தார். வரும்போது கட்டிய சாக்கையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார். புது வீட்டுக்கு இங்கிருந்தே போய்விடலாமாம். மாமா மட்டும் சாவிக்காகக் காம்பராவில் இருந்தார்.

அடுத்து நடந்ததை அடுத்த காம்பரா ரத்தினம்மா அக்காதான் சொன்னார். பின்னேரம் போல லொறி வந்திருக்கிறது, அபாயத்தில் உள்ளவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற. ஒருத்தர் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்திருக்கிறார். பணியகத்தின் கோப்பிலிருந்து எடுத்த பெயர்கள். லயத்தில் எல்லாருடைய பெயரும் வந்தது. வீரையாவின் பெயர் வரவில்லை.

“நீங்களும் ஏறுங்கண்ணேன்னு கத்துனேன் தம்பி. அவரு சிரிச்சாரு. ‘உங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கூப்புடுறாங்க. என் பேரு மொதல் வரியில இருக்குன்னு மருமகன் சொன்னாரு. எனக்குச் சாவியோடதான் வருவாங்க’ன்னாரு.”

நான் சொன்னது அப்படி இல்லை. கோபத்தில் சொன்னது, கிண்டலாகச் சொன்னது. அவர் அதை அப்படியே நம்பிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

விடியக்காலையில் மலை இறங்கியது. லயத்தின் பாதி போய்விட்டது. அந்தப் பாதியில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். மண்ணை அள்ளி அவரை வெளியே எடுத்தபோது, மாமா இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, வெளியே போகிற சட்டையைப் போட்டிருந்தார். புறப்படத் தயாராக இருந்திருக்கிறார். அவரைக் குளிப்பாட்ட என்னால் முடியவில்லை. அழுதுகொண்டு ஓரமாக நின்றேன்.

காரியம் முடிந்த பிறகு அத்தை வேறெதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். மண்சரிவில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தக் கந்தோர்ச் சுவர்த் திரையில் ஓடுகிறதாம், மடுல்கெல்லக்கு நேராக ‘உயிரிழப்பு இல்லை’ என்று போட்டிருக்கிறதாம்.

“அவரு பேரையாவது எழுதச் சொல்லணும் மாப்ள. மண்ணுல போனாருன்னு எழுதணும். நான் வாறேன்.”

கூட்டிக்கொண்டு போனேன். நிரோஷினி அத்தையைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை; விளங்கிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். மயில்வாகனம் ஐயா தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். நிசமாகவே கவலைப்பட்டார், பொய் சொல்லக்கூடாது.

“அம்மா, மிச்சம் கவலையான விசயம். ஆனா நான் என்ன செய்ய? எங்கட கோப்பின்படி அவர் பாதுகாப்பா இருக்கிறார். குடியமர்த்தப்பட்டவர் மலையில இறந்தவர் எண்டு எழுதினால் மூண்டு கோப்பும் குழம்பும்.”

அத்தைக்கு அவருடைய பேச்சு விளங்கவில்லை. ‘பாதுகாப்பா இருக்கிறார்’ என்பது மட்டும் விளங்கியது. என்னைப் பார்த்தார். மயில்வாகனம் ஐயாவைப் பார்த்தார்.

“எங்கங்க இருக்காரு?” என்று கேட்டார். “இடத்தைச் சொல்லுங்க சாமி. நான் போய்ப் பாக்கிறேன்.”

மயில்வாகனம் ஐயா வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு கோப்பின் பெயரும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஒன்பது.

கந்தோர் முழுக்க எழுந்து நின்றது. வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். மாடியில் கதிரைகள் பின்னால் போகிற சத்தம் கேட்டது. கீழே பழைய பேப்பர் அறையிலிருந்து ஒரு அம்மா வந்து வாசலில் நின்றார். புஷ்பம் அக்காவாக இருக்கவேண்டும். மயில்வாகனம் ஐயா விளக்கேற்றினார். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தர் இருமவில்லை. நிரோஷினி மட்டும் திரையைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து நின்று அழுதாள். திரையில் முதல் வரி ஒருமுறை துடித்து, பழையபடி வந்து நின்றது.

அத்தை அந்தக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

பஸ்ஸில் ஏறினோம். அம்பிட்டிய ஏற்றத்தில் என் கையைத் தொட்டார்.

“நல்ல மனுசங்க மாப்ள. நாமதான் தப்பா நெனச்சிட்டோம். ஆயுசு பூரா தோட்டத்துல ஒழைச்சாரு, ஒரு தொரைகூட அவருக்காக எந்திரிச்சதில்ல. இன்னைக்கு ஒரு கந்தோரே எந்திரிச்சி நின்னுச்சே. நீங்க பாத்தீங்கதானே?”

“பாத்தேங்க அத்தை,” என்றேன்.